கடற்கரை வீட்டுத் தூண்கள்

கீழ்பென்னாத்தூரில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரி. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. செஞ்சியைத் தாண்டும்போது பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முழித்திருப்பவர்களும் கோட்டையை ஏறிட்டுப் பார்ப்பதில்லை, பார்த்துப் பார்த்து சலித்துவிட்டது! ஆனால் அந்த பஸ் போய்ச் சேருகிற ஊரின் கடற்கரையில், காந்தி சிலையைச் சுற்றி எட்டு உயரமான கல் தூண்கள் நிற்கின்றனவே, அவை இதே செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை என்றுதான் சொல்கிறார்கள். 1750-இல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761 வரை அது அவர்கள் கையில் இருந்தது. மலையடிவாரத்துத் தூண் கடல் பார்க்கப் போன கதை அதுதான்.

அந்த ரோட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் போய் வந்தவர் ஒரு கொத்தனார். கீழ்பென்னாத்தூர் பக்கத்து கிராமம். ஊரில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை பாண்டிச்சேரியின் பழைய வீடுகளைப் பற்றியது. ஆனால் அந்த வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கட்டியவனை விட்டுவிட்டு கட்டச் சொன்னவனைப் பற்றியே பேசுவதால், இங்கே மேஸ்திரியிலிருந்து தொடங்குவது நல்லது.

பதினேழு பதினெட்டு வயதில் அப்பாவுடன் சித்தாளாகப் போனவர் அவர். அப்பா சுண்ணாம்பு வேலைக்காரர். காரை அரைக்கிற செக்கு, கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம், கிளிஞ்சல் சுண்ணாம்பு... இவைதான் அந்த வீட்டுச் சொத்து. மகன் கரணை பிடிக்கக் கற்றுக்கொண்ட நேரத்தில் சிமெண்ட் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. இருபது வருடம் அவரும் சிமெண்ட் வேலைதான் செய்தார். பிறகு பாண்டிச்சேரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். “சுண்ணாம்பு தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?” என்று தேடியபோது அப்பா சொல்லிக்கொடுத்தது திடீரென்று விலைபோனது. வணிகவியல் மாணவர்கள் இதை ‘தள்ளுபடி செய்த சொத்து மீண்டும் மதிப்பு பெறுதல்’ என்று எழுதிக்கொள்ளலாம்.

சரி, வீடுகளுக்கு வருவோம்.

பாண்டிச்சேரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் மஞ்சள் சுவரையும் வெள்ளை ஓரத்தையும் காகிதப்பூக் கொடியையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ‘பிரெஞ்சுக்காரன் கட்டின ஊர்’ என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மை. தெருக்கள் இப்படி நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதற்குப் போட்ட முதல் திட்டம் டச்சுக்காரர்களுடையது. 1693-இலிருந்து 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய அழகான நகரம் இன்றைக்கு இல்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் ஊர் சரணடைந்தது. கோட்டையையும் மாளிகைகளையும் வெடிவைத்தும் இடித்தும் தரைமட்டமாக்கினார்கள். 1763 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் திரும்பக் கிடைத்தது. 1765 முதல் பழைய தெருக்கோடுகளின் மேலேயே புதிய வீடுகள் எழுந்தன. ஆக, இப்போது நாம் படம் பிடிக்கிற ‘பழைய’ வீடு எதுவானாலும் அநேகமாக அந்த இடிபாட்டுக்குப் பிந்தியது. அதற்கு முந்தியதாக நிற்பவை மிகக் கொஞ்சம். அவற்றில் முக்கியமானது 1738-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. டூப்ளேக்குத் துபாஷியாக இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய அதே பிள்ளை. ஊர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் அவர் காலமானார். இடிப்பதைப் பார்க்கிற துர்ப்பாக்கியம் அவருக்கு இல்லை.

அந்த மாளிகையைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். கீழே தமிழ் வீடு: மரத்தூண்கள், நடுவே முற்றம். மேலே போனால் பிரெஞ்சு பாணித் தூண்கள். இந்தக் கலப்புதான் பாண்டிச்சேரித் தமிழர் தெருக்களின் அடையாளம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம், வெள்ளையர் நகரம். மேற்கே தமிழர் நகரம். (அந்தக் காலத்து பிரெஞ்சு வரைபடங்களில் ‘கறுப்பு நகரம்’ என்றே எழுதியிருக்கும். நாகரிகம்!) இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் குணமே வேறு.

கிழக்குப் பக்கத்து வீடு தெருவுக்கு முகம் காட்டாது. உயரமான மதில், கனமான கதவு. உள்ளே போனால் தோட்டம், அப்புறம் வட்டத் தூண்கள் வரிசையாக நிற்கிற முன்தாழ்வாரம், அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு உயரமான ஜன்னல்கள். ஜன்னலுக்கு மரச்சட்டங்கள் சாய்வாக அடித்த இரட்டைக் கதவு. வெயில் உள்ளே வராது, காற்று வரும். அறையின் கூரை எட்டாத உயரம். சூடான காற்று மேலே போய்த் தங்கிக்கொள்ளும், மனிதன் கீழே உட்கார்ந்திருப்பான். மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பும். கிழக்கு மேற்காக ஓடுகிற நேர்த்தெருக்கள் அந்தக் காற்றை ஊருக்குள் இழுத்துக்கொண்டு வரும். இதெல்லாம் ஏ.சி. இல்லாத காலத்தின் ஏற்பாடு.

மேற்குப் பக்கத்து வீடு நேர் எதிர். தெருவோடு பேசும். முதலில் ஓட்டுச் சாய்ப்பு போட்ட தாழ்வாரம், மரத்தூண்கள். அது வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. மழைக்கும் வெயிலுக்கும் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அடுத்து திண்ணை. அப்புறம் செதுக்கிய தேக்குக் கதவு, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், கடைசியில் சமையற்கட்டு. கீழ்பென்னாத்தூரின் பழைய தெருக்களில் இருக்கிற (இருந்த?) ஓட்டு வீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மாடிக்குக் கண்ணை உயர்த்துங்கள். சுவரோடு ஒட்டிய அரைத் தூண்கள், வளைவு ஜன்னல், வண்ணக் கண்ணாடி, கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சின்னக் குட்டித் தூண்கள். கீழே வேட்டி, மேலே கோட்டு. அந்தக் காலத்துப் பாண்டிச்சேரிப் பெரிய மனிதர்களின் புகைப்படங்களும் அப்படித்தான் இருக்கின்றன என்பது தனி விஷயம்.

மேஸ்திரியின் அப்பா தளம் போட்ட வீடு ஒன்று அப்படிப்பட்டதுதான். கடலிலிருந்து நடந்து போனால் பத்து பன்னிரண்டு நிமிஷம். தளம் என்றால் இன்றைக்கு நமக்குக் கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றுவது. அது வேறு. மரக்கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லைக் குத்துக்கால் வைத்தாற்போல் குறுக்குவாட்டில் நிறுத்தி, காரையில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிப் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு அடிப்பது வழக்கம். மேலே மெல்லிய தட்டோடு பதித்தால் முடிந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். நம் பக்கத்தில் இப்படி ஒரு வீடு கட்டினால் அதற்கு மெத்தை வீடு என்று பெயர், கட்டியவர் பெரிய பணக்காரர் என்று அர்த்தம்.

இப்போது கடலைக் கவனிக்க வேண்டும். கடலோர வீட்டுக்கு முதல் எதிரி அலை அல்ல, உப்பு. காற்றில் வருகிற உப்பும் தரையிலிருந்து ஏறுகிற உப்புத் தண்ணீரும் செங்கல்லின் துளைகளுக்குள் போகும். தண்ணீர் காயும்போது உப்பு படிகமாகும். படிகம் பெருக்கும்போது உள்ளிருந்தே செங்கல்லை நெட்டித் தள்ளும். சுவர் உப்புப் பூத்துப் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியே மூச்சு விடும். உதிர்ந்தால் பூச்சுதான் உதிரும், செங்கல் பிழைக்கும். சில வருடத்துக்கு ஒரு தரம் மறுபடி பூசி வெள்ளையடிக்க வேண்டும், அவ்வளவுதான். சிமெண்ட் பூசினால்? வெளியே பார்க்கக் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பத்து பதினைந்து வருடம் கழித்து ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகச் செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். இரும்பு இன்னும் மோசம். துருப்பிடித்த இரும்பு பழைய இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் இருந்தால் கான்கிரீட்டையே பிளக்கும். ஐம்பது வயதுகூட ஆகாத கடலோரக் கட்டிடங்களில் கம்பி எட்டிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாண்டிச்சேரியில் 1962-இல் கட்டிய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் ஒரு பகுதி கடலில் சரிந்தது. 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் அதே கடற்கரையில் நின்றுகொண்டிருந்தது.

இதற்காகப் பழையது எல்லாம் பொன் என்று அர்த்தமில்லை. பழைய வீட்டுக்கு ஆள் வேண்டும். ஒரு வருடம் மேலே முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்காமல் விட்டால், அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே இறங்கும். மரக்கட்டையின் முனை சுவருக்குள் செருகியிருக்கிற இடத்தில் ஈரம் தங்கினால் கட்டை உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. இதற்குப் பெரிய உதாரணம் மேரி கட்டிடம். கடற்கரைச் சாலையில் 1870-71-இல் கட்டிய நகராட்சிக் கட்டிடம். பாண்டிச்சேரிக்காரர்களில் எத்தனையோ பேருக்குக் கல்யாணம் பதிவானது அங்கேதான். 2014 நவம்பர் 29 அன்று, அடைமழைக்குப் பிறகு, அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு உலக வங்கிக் கடனுதவித் திட்டத்தில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கடற்கரையில் நின்று பார்த்தால் அசல் எது, நகல் எது என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும். “ஓரம் ரொம்ப நேரா இருக்கு” என்றார் ஒரு தரம். கையால் இழுத்த ஓரம் அவ்வளவு நேராக இருக்காதாம்!

மேரி விழுந்தது ஊரிலுள்ள பழைய வீடுகளுக்கெல்லாம் கெட்ட சகுனமானது. அடுத்த வருடம் அந்த வீட்டுக்காரர், அதாவது மேஸ்திரியின் அப்பா தளம் போட்ட வீட்டின் மூத்த மகன், மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒழுகுகிற இடத்தைப் பார்க்கச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் பஸ் ஏறினார்.

“மேஸ்திரி, மேரியே விழுந்துடுச்சு. அரசாங்கத்தாலயே காப்பாத்த முடியல. என்னால முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

“ஐயா, மேல தண்ணி நிக்காம பாத்துக்கிட்டா இது இன்னும் அம்பது வருஷம் நிக்கும். எங்கப்பா போட்ட தளம், எனக்குத் தெரியாதா? நாலு கட்டை மாத்தணும். தெக்குப் பக்கம் சிமெண்ட்ட சொரண்டிட்டு சுண்ணாம்பு பூசணும். மூணு மாச வேலை.”

“நிக்கும். நின்னு என்ன பண்றது? நாங்க அஞ்சு பேரு. ரெண்டு பேரு பிரான்ஸ்ல. யாரு வந்து குடியிருக்கப் போறா?”

இந்தக் கடைசிக் கேள்விதான் முழு விவகாரமும். பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் கைக்கு வந்தது, 1962-இல் சட்டப்படி இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகள் பாரிஸ் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். வீடு இங்கே, வாரிசு அங்கே. தாத்தா கட்டிய வீட்டுக்கு ஐந்து கையெழுத்து வேண்டும். பழுதுபார்க்க ஐந்து பேரும் பணம் போட வேண்டும். விற்பதற்கோ ஐந்து பேரும் பணம் வாங்கினால் போதும்! எது சுலபம்?

கணக்குப் புத்தகமும் பழைய வீட்டுக்கு எதிரிதான். வருமான வரி விதிப்படி வியாபாரத்துக்குப் பயன்படும் கட்டிடத்துக்கு வருடம் 10 சதவீதம் தேய்மானம் (குடியிருப்புக் கட்டிடம் என்றால் 5). குறைந்துவரும் மதிப்பு முறையில் போட்டுப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய்க் கட்டிடம் பத்தாவது வருடக் கடைசியில் ஏறக்குறைய 34,900. இருபதாவது வருடத்தில் 12,200. முப்பதில் 4,240. நூறு வருடத்து வீடு புத்தகத்தில் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் அது நிற்கிற நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. தேய்மானம் கிடையாது என்ன, கடலுக்குப் பக்கத்து நிலம் ஏறிக்கொண்டே போகும். ஆக ஒரே பத்திரத்தில் இரண்டு சொத்து. மேலே இருப்பது பூஜ்யம், கீழே இருப்பது கோடி. மேலே இருப்பதை எடுத்துவிட்டால் கீழே இருப்பதற்கு இன்னும் விலை. இதைத் தெரிந்துகொள்ள பி.காம். படிக்க வேண்டியதில்லை, எந்த நிலத் தரகரும் சொல்வார். அந்தத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்குகிறவனுக்குக் கிடைப்பதையும், தெருவைப் பார்க்க வருகிற பயணியால் பக்கத்து ஹோட்டலுக்குக் கிடைப்பதையும் எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை.

அதற்காகத்தான் பட்டியல் என்று ஒன்று. இன்டாக் என்கிற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு 1984-இல் டெல்லியில் தொடங்கியது. அதன் பாண்டிச்சேரிக் கிளை 1990களில் ஊரைத் தெருத் தெருவாக அளந்து ஏறத்தாழ 1,800 கட்டிடங்களைப் பட்டியலிட்டது. அதில் பெரும் பகுதி தமிழர் நகரத்து வீடுகள். ஆனால் இன்டாக் அரசு அமைப்பு அல்ல. அதன் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் யாரும் கடப்பாரையைத் தடுக்க முடியாது. அடுத்த இருபது வருடத்தில் பல நூறு வீடுகள் போய்விட்டன. ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலே அவசரமாக இடிக்கிற வீட்டுக்காரர்களும் உண்டு. பட்டியல் என்றால் அவர்களுக்கு மரியாதை அல்ல, வில்லங்கம்.

ஸ்காட்லாந்தில் இந்த விஷயம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அங்கே ஏ, பி, சி என்று மூன்று தரமாகப் பிரித்து ஏறக்குறைய 47,000 இனங்கள் பட்டியலில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் இடித்தால் கிரிமினல் குற்றம். அதைவிட வேடிக்கையானது அங்கே ஃபைஃப் கடற்கரையில் நடந்தது. கிரெய்ல், பிட்டன்வீம், செயின்ட் மோனன்ஸ் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். வீட்டின் பக்கச் சுவர் உச்சிக்குப் படிக்கட்டு போல ஏறும். மேலே வளைந்த சிவப்பு ஓடு. சுவருக்குச் சுண்ணாம்பும் பொடிக்கல்லும் கலந்து வாரியடித்த பூச்சு. (அங்கேயும் பிற்காலத்தில் சிமெண்டைப் பூசி சுவரை ஓதம் காக்க வைத்தார்கள். சிமெண்டுக்குத் தேசபேதம் கிடையாது.) இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சின்ன வீடுகள் குடியிருக்க லாயக்கில்லை என்று இடிபடும் நிலைமை. ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 1960-இல் ‘சின்ன வீடுகள்’ திட்டம் தொடங்கியது. (நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம்!) பாழடைந்த வீட்டை வாங்கு, பழுதுபார், தோற்றத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதி விற்றுவிடு, வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்கு. அவ்வளவுதான். அதே மூலதனம் சுற்றிச் சுற்றி வரும். அருங்காட்சியகம் ஆக்கவில்லை, குடியிருக்க ஆள் வந்தார்கள். நம் பாடத்தில் நடைமுறை மூலதனச் சுழற்சி என்று நான்கு மதிப்பெண்ணுக்கு எழுதுகிற விஷயம் ஒரு கடற்கரையையே காப்பாற்றியிருக்கிறது.

பாண்டிச்சேரியிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது, மறைக்கக் கூடாது. வைசியாள் வீதி என்று எல்லோரும் சொல்கிற கல்வே சுப்பராயச் செட்டி வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன், இத்தாலியின் உர்பீனோவும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரமும் கூட்டாளிகளாகச் சேர, 2002-2004-இல் தெருவின் ஒரு பகுதியையே சீர்செய்தார்கள். ஒற்றை வீடு அல்ல, தெரு. தாழ்வாரங்கள் தொடர்ச்சியாகத் திரும்ப வந்தன. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அந்த வீதிக்குப் பரிசு கிடைத்தது. மேஸ்திரி அந்த வேலைகளைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். “அப்பதான் எங்கப்பாவ நெனச்சு அழுதேன். அவரு இருந்தா சம்பளம் வாங்காம வந்திருப்பாரு” என்பார்.

இன்னும் தெற்கே தரங்கம்பாடி இருக்கிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் டேன்ஸ்போர்க் கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். விற்ற பிறகு வியாபாரம் நின்றது. வியாபாரம் நின்றதால் யாரும் புதிதாகக் கட்டவில்லை. புதிதாகக் கட்டாததால் பழையது மிஞ்சியது. வறுமையைப் போல ஒரு காவல்காரன் கிடையாது! கோட்டைக்கு எதிரே டேனிஷ் ஆளுநரின் மாளிகை. கடலைப் பார்த்தாற்போல் ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் பங்களா, அதை நீம்ரானா நிறுவனம் சீர்செய்து ஹோட்டலாக்கியது. பக்கத்திலேயே 1306-இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோவிலின் பெரும் பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 சுனாமி அந்த ஊரை மிகக் கடுமையாக அடித்தது. அதற்குப் பிறகு இன்டாக் டேனிஷ் உதவியோடு, மாளிகைகளை மட்டும் பார்க்காமல், சின்னத் தமிழ் ஓட்டு வீடுகள் சிலவற்றையும் எடுத்துச் சீர்செய்தது. அது சரியான காரியம். திண்ணை வீட்டை வீடாகவே மதிக்காத நாட்டில் அதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

ஹோட்டல் ஆக்குவதைப் பலர் குறை சொல்கிறார்கள். பத்து அறை வாடகைக்கு விட்டால்தான் தளத்துக்குச் சுண்ணாம்பு வாங்க முடியும் என்றால் அதில் என்ன தவறு? ஒரு தெரு முழுக்க ஹோட்டலாகிவிட்டால் அந்தத் தெருவில் சாயந்திரம் கோலம் போட ஆள் இருக்காது என்பதும் நிஜம்தான். இரண்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ நிற்க வேண்டும். இடிப்பதைவிட ஹோட்டல் மேல்.

அந்த வீட்டுக்கு ஹோட்டல்காரர்கூட வரவில்லை. தெரு குறுகல், கார் நிறுத்த இடமில்லை என்றார்களாம். மேஸ்திரி இரண்டு தரம் போய்ப் பேசினார். கூலி குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். பெரியவர் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பினார். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது. இடிக்கிற வேலையை அவரே எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். தெரிந்த கை என்றால் மரம் சேதமாகாமல் இறக்கலாம், மரத்துக்கு நல்ல விலை உண்டு, பழைய மர வியாபாரிகள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். அவருடைய அக்கா பேரன், ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தவன், “தாத்தா, நீங்க ஏன் போறீங்க? வேற எவனாவது இடிச்சிட்டுப் போறான்” என்று நேராகவே கேட்டுவிட்டான்.

“வேற எவனாவது போனா பொக்லைன் வெப்பான்டா” என்றார் அவர்.

போனார். பதினெட்டு நாள். தளத்தை மேலிருந்து அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். அவருடைய அப்பா குத்துக்கால் வைத்து நிறுத்திய செங்கல் ஒவ்வொன்றும் காரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வர மறுத்ததாம். மழைத்தண்ணீர் இறங்கிய தெற்கு மூலையில் மட்டும் நான்கு கட்டைகள் கையால் அழுத்தினாலே உதிர்ந்தன. அவர் மாற்றச் சொன்ன அதே நான்கு. மற்றதெல்லாம் வைரம் பாய்ந்த கட்டை. கதவும் ஜன்னலும் வியாபாரியின் லாரியில் போயின. எந்த ஊர் ரிசார்ட்டில் இப்போது ‘பழங்கால அலங்காரம்’ ஆக நிற்கின்றனவோ.

தாழ்வாரத்து மரத்தூண்கள் ஆறில் இரண்டு அடியில் செல்லரித்திருந்தன. வியாபாரி அவற்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி மேஸ்திரி அவற்றைக் கேட்டார். வீட்டுக்காரர் காசு வாங்கவில்லை. திண்டிவனம், செஞ்சி வழியாக வெங்காயம் ஏற்றி வந்த ஒரு மினி லாரியின் மேல் கட்டி அவற்றை ஊருக்குக் கொண்டுவந்தார். அடியில் ஒரு முழம் அறுத்து எறிந்துவிட்டு, கருங்கல் பாதம் வைத்து, தன் வீட்டுக்கு முன்னால் நட்டார்.

இப்போது அவற்றின் மேல் தகரச் சாய்ப்பு. தூண் குட்டையாகிவிட்டதால் உயரமானவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். மழை வந்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதன் கீழே வந்து ஒதுங்குகிறார்கள்.